எட்டு நாள் தவணை: நேப்பிள்ஸ் பீட்சாவை உண்டவர்களின் வரலாறு

விறகடுப்பில் சுட்ட நேப்பிள்ஸ் பீட்சாவை முதன்முறையாக உண்பவர்கள் கூறும் குறைகள் எந்த நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. விளிம்பு கருகியிருக்கிறது, நடுப்பகுதி வேகாததுபோல் ஈரமாய்க் கிடக்கிறது, கையில் எடுத்தால் நுனி தொய்ந்து விழுகிறது, துண்டு போடாமல் முழுதாகக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். மொறுமொறுப்பான அடிப்பாகத்திற்குப் பழகிய நாக்கு இவற்றைச் சமையற்காரரின் கவனக்குறைவாகவே எடுத்துக்கொள்கிறது.

ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2010ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்ட 97/2010 எண்ணுள்ள ஒழுங்குமுறையைப் படித்தால், குறையென்று கருதப்படுவதில் பெரும்பகுதி அங்கே இலக்கணமாக எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். விட்டம் 35 சென்டிமீட்டரை மிஞ்சலாகாது. நடுவில் கனம் 0.4 சென்டிமீட்டர் அளவினதாக இருக்கவேண்டும். விளிம்பு 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை எழும்பியிருக்கவேண்டும். ஏறத்தாழ 485 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 60 முதல் 90 வினாடிகளுக்குள் வெந்துவிடவேண்டும். அத்தனை வெப்பத்தில் அத்தனை குறுகிய நேரம் இருந்த மாவு வெளியே புள்ளிபுள்ளியாய்க் கருகுவதும் உள்ளே ஈரத்தை இழக்காதிருப்பதும் இயல்பு. இவற்றோடு ஒழுங்குமுறை இன்னொன்றையும் சொல்கிறது: பீட்சா மென்மையாகவும் நெகிழ்வாகவும், ஒரு சிறு புத்தகத்தைப்போல எளிதில் மடிக்கத்தக்கதாகவும் இருக்கவேண்டும்.

மேசையும் தட்டும் கத்தியும் முள்கரண்டியும் உள்ள உணவகத்தில் யாரும் பீட்சாவை மடிப்பதில்லை. அப்படியிருக்க, மடிப்பைப் பற்றி ஒரு சட்டம் ஏன் பேசவேண்டும்? மேசை இல்லாமல் உண்டவர் ஒருவர் ஒரு காலத்தில் இருந்தார் என்பதே இதற்கு விடை. அவரைப் பற்றிய நேரடிச் சான்று ஏதும் இல்லை. அவர் எதையும் எழுதிவைக்கவில்லை. அவர் உண்டதைப் பார்த்தவர்கள்தான் எழுதினார்கள். பார்த்தவர்களுள் பெரும்பாலோர் அதனை உண்டவர்கள் அல்லர். நேப்பிள்ஸ் பீட்சாவின் வரலாற்றிலுள்ள அடிப்படைச் சிக்கல் இதுவே.

சொல்லின் வரலாறு இவ்வகையில் பெரிதாக உதவுவதில்லை. 'பீட்சா' என்னும் சொல் 997ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் இலத்தீன் ஆவணத்தில் வருகிறது. நேப்பிள்ஸுக்கு வடக்கேயுள்ள கயேத்தா நகரத்து ஆயருக்குக் கிறிஸ்து பிறப்புத் திருநாளில் பன்னிரண்டும், உயிர்ப்புத் திருநாளில் பன்னிரண்டும் பீட்சா செலுத்தவேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. அந்தப் பீட்சா எப்படியிருந்தது என்பதற்குக் குறிப்பில்லை. தக்காளி ஐரோப்பாவுக்கு வந்துசேர இன்னும் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் இருந்தன. சொல்லின் வேரைக் கிரேக்கத்தில் தேடுவோரும், இலத்தீனில் 'இடித்தல், நசுக்குதல்' என்னும் பொருளுள்ள வினையில் தேடுவோரும், இலங்கோபார்டியரின் செருமானியக் கிளைமொழியில் 'கடி, கவளம்' என்னும் பொருளில் தேடுவோரும் உளர். வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. இங்கே கவனிக்கத்தக்கது வேறொன்று: எழுத்தில் நமக்குத் தெரியவரும் முதல் பீட்சா வாடிக்கையாளர் ஓர் ஆயர். அடுத்துப் பெயரோடு புகழ்பெற்றவர் ஓர் அரசி. இருவருக்கும் இடையே உண்டவர்கள் பெயரற்றவர்கள்.

அந்தப் பெயரற்றவர்களின் நகரம் எத்தகையது என்பதை அறியாமல் அவர்களது உணவை விளங்கிக்கொள்ள இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இத்தாலியத் தீபகற்பத்தின் மிகப் பெரிய நகரமாக விளங்கியது நேப்பிள்ஸ். துறைமுகத்தை ஒட்டிய குறுகிய சந்துகளில், உயரமான கட்டடங்களின் தரைமட்டத்தில், தெருவை நோக்கித் திறக்கும் ஒற்றை அறையில் ஒரு குடும்பமே வாழ்ந்தது. இவ்வறைகளுக்குப் 'பாஸ்ஸி' என்று பெயர். சமைக்க இடமில்லை, விறகுக்கும் காசு வேண்டும். அன்றாடக் கூலி கிடைத்த நாளில் வெளியே வாங்கி உண்பதே பலருக்குச் சிக்கனமாக இருந்தது. ஆக, வெளியே உண்பது வசதியின் அடையாளம் என்னும் இன்றைய கணக்கு அங்கே தலைகீழ். பலருக்கான ஓர் அடுப்பைத் தெருவில் ஒருவர் மூட்டினார். மற்றவர்கள் அதன் வெப்பத்தைச் சில்லறையாக வாங்கிக்கொண்டார்கள். ஒரு நிமிடத்தில் ஒன்று வெந்துவிடுமென்றால் மூட்டிய விறகுக்கு மிகுதியான பீட்சா கிடைக்கும், வேலைக்கு ஓடுபவர் காத்திருக்கவும் வேண்டாம். இன்று கலையாகப் போற்றப்படும் 60 முதல் 90 வினாடி, இந்தக் கணக்குக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை எண்ணிப்பார்க்கலாம்.

இந்த உண்போரை அயலார் எவ்வாறு கண்டனர்? 1831இல் நேப்பிள்ஸுக்கு வந்த அமெரிக்க ஓவியர் சாமுவேல் மோர்ஸ், பின்னாளில் தந்திமுறையால் உலகப் புகழ் பெற்றவர், தக்காளித் துண்டுகளும் சிறு மீன்களும் மிளகும் தூவிய இந்த ரொட்டியைப் பார்த்து அருவருப்படைந்தார். சாக்கடையிலிருந்து எடுத்த ரொட்டியோடு அதனை ஒப்பிட்டார். ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1886இல், பினோக்கியோவைப் படைத்த கார்லோ கொல்லோதி சிறுவர்களுக்காக எழுதிய பயண நூலொன்றிலும் இதே தொனி கேட்கிறது. கருகிய மாவின் கருமை, பூண்டின் வெண்மை, எண்ணெயும் கீரையும் தரும் மஞ்சள் கலந்த பச்சை, தக்காளியின் சிவப்பு ஆகிய எல்லாம் சேர்ந்து விற்பவரின் அழுக்குக்கு ஏற்ற அழுக்காக அவருக்குத் தோன்றின. மோர்ஸ் அயல்நாட்டவர், கொல்லோதியோ ஃபுளோரன்ஸ் நகரத்து இத்தாலியர். இத்தாலி ஒரே அரசாகி இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தபோதும், நாட்டின் வடபாதிக்குத் தென்பாதியின் உணவு அயலான்தன் உணவாகவே இருந்தது. இருவரும் அதனைச் சுவைத்ததாகச் சொல்லவில்லை என்பதையும் மறந்துவிடலாகாது.

அலெக்சாந்தர் தூமா இவர்களினும் நுட்பமானவர். 1835இல் நேப்பிள்ஸில் தங்கியிருந்த அவர், அந்நகரத்து ஏழைகளான 'லாட்சரோனி'களைப் பற்றி 1843இல் வெளியான 'கொர்ரிகோலோ' என்னும் நூலில் விரிவாக எழுதினார். இவர்கள் கோடையில் தர்ப்பூசணியையும் குளிர்காலத்தில் பீட்சாவையும் உண்டு வாழ்கிறார்கள் என்பது மிகைப்படுத்தலே. எனினும் பீட்சாவின் விலையை அவர் படித்த விதம் ஒரு பொருளியலாளரின் கண்ணுக்கு ஒப்பானது. மீன் வைத்த பீட்சா மலிந்தால் கடலில் நல்ல வரத்து. எண்ணெய் ஊற்றிய பீட்சா விலையேறினால் அவ்வாண்டு ஒலிவ விளைச்சல் பொய்த்தது. ஆகவே பீட்சா நகரச் சந்தையின் வெப்பமானி என்கிறார். இதுவரை ஏற்கத்தக்கதே. தொடர்ந்து, பீட்சாவின் விலை அதன் புதுமையைப் பொறுத்தும் மாறும் என்றும், கையில் மிகக் குறைந்த காசுள்ளோருக்காக எட்டு நாள் பழைய பீட்சாவும் விற்கப்படுகிறது என்றும் அவர் எழுதுகிறார். கப்பலில் உண்ணும் கெட்டி ரொட்டிக்கு அது மாற்றாகலாம் என்று கிண்டலும் செய்கிறார்.

இந்த எட்டு நாள்தான் சிக்கலானது. நேப்பிள்ஸில் 'ஓஜ்ஜி அ ஒத்தோ' என்றொரு வழக்கு உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'இன்று, எட்டுக்கு'. இத்தாலிய மொழியில் இத்தொடர் 'வரும் வாரம் இதே நாள்' என்று பொருள்படும். இன்றையும் சேர்த்தெண்ணுவதால் ஏழு எட்டாகிறது. பீட்சாக் கடையில் இதன் பொருள்: இன்று உண், எட்டாம் நாள் காசு கொடு. அதாவது பற்று. எட்டு நாளில் உண்டவர் இறந்துபோனால் அதுவே அவருக்குக் கிடைத்த கடைசி இலவசச் சாப்பாடு என்று நகரத்தார் வேடிக்கையாகச் சொல்வதுமுண்டு. தூமா இந்த 'எட்டை'க் கேட்டுப் பீட்சாவின் வயது என்று எண்ணிக்கொண்டார் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

மொழியியல் நோக்கில் இது சுவையான பிழை. 'எட்டு' என்னும் எண் காலத்தின் அளவை மட்டுமே தருகிறது. அக்காலம் பின்னோக்கியதா முன்னோக்கியதா என்பதைச் சூழல்தான் தரவேண்டும். பிரெஞ்சிலும் எட்டைக் கொண்டு அடுத்த வாரத்தைக் குறிக்கும் இதே வகைத் தொடர் உண்டு. ஆகவே தூமாவுக்கு இலக்கணம் தடையாக இருந்திருக்க முடியாது. தடையாக இருந்தது முன்முடிவு என்று கொள்வதே பொருத்தம். ஏழை என்றால் பழையதை உண்பவன் என்னும் எதிர்பார்ப்பு இருக்கும்போது, 'எட்டு' தானாகவே பின்னோக்கித் திரும்பிவிடுகிறது. பழைய ரொட்டியை ஏழைகள் உண்டிருக்கவே மாட்டார்கள் என்று சொல்லவரவில்லை. உண்டிருப்பார்கள். ஆனால் அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மக்கள் நினைவில் நின்ற 'எட்டு', கடனின் எட்டே.

இரண்டு வாசிப்புக்கும் இடையிலுள்ள தூரம் சிறிதன்று. தூமாவின் வாடிக்கையாளர் எதைக் கொடுத்தாலும் உண்பவர். பற்றுவைத்து உண்ட வாடிக்கையாளரோ கடைக்காரருக்கு முகம் தெரிந்தவர். அவரது தெரு, தொழில், கூலி வரும் நாள் எல்லாம் கடைக்காரருக்குத் தெரியும். எட்டு நாள் நம்பத்தக்கவர் என்று அவர் மதிக்கப்பட்டிருக்கிறார். சுடச்சுட வாங்கி உண்டிருக்கிறார். ஒரே ஓர் எண்ணைத் தவறாகப் படித்ததில் நம்பிக்கைக்குரிய ஒரு மனிதர், மிச்சம் தின்பவராகிவிட்டார்.

உள்ளிருந்து எழுதியவர்களுள் முதன்மையானவர் மத்தீல்தே செராவோ. கிரேக்கத் தாய்க்குப் பிறந்து நேப்பிள்ஸில் வளர்ந்து இதழாளரானவர். பின்னர் 1892இல் 'இல் மத்தீனோ' நாளிதழைக் கணவரோடு சேர்ந்து தொடங்கியவர். 1884இல் நேப்பிள்ஸில் வாந்திபேதி பரவி ஆயிரக்கணக்கானோர் மடிந்தபோது, நகரத்தின் வயிற்றைக் கிழிக்கவேண்டும் என்னும் பேச்சு அரசின் உச்சியிலிருந்தே எழுந்தது. சந்துகளை இடித்து அகலத் தெருக்கள் அமைக்கவேண்டும் என்பது அதன் பொருள். அந்த உருவகத்தையே எடுத்துத் தன் நூலுக்கு 'நேப்பிள்ஸின் வயிறு' என்று பெயரிட்டார் செராவோ. கிழிக்கவிருக்கும் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது, அது எதை உண்கிறது என்று தெரியுமா என்பதே அந்நூலின் கேள்வி.

அதற்கு அவர் தரும் விடையில் பீட்சா முன்னணியில் நிற்கிறது. ஒரு சோல்தோவுக்கு, அதாவது 5 செந்தேசிமிக்கு, கிடைக்கும் உணவுகளுள் அது ஒன்று. நகரத்து மக்களுள் மிகப் பலரின் காலை உணவோ பகல் உணவோ அத்தகைய பொருள்களால் ஆனது. பீட்சாக் கடைக்காரர் இரவில் நிறையச் சுட்டுத் துண்டுகளாக்கி ஒரு பையனிடம் கொடுத்தனுப்புகிறார். அவன் தெருமுனையில் சிறு மேசை போட்டு நாள் முழுதும் நிற்கிறான். குளிரில் அது உறைகிறது, வெயிலில் மஞ்சளிக்கிறது, ஈக்கள் மொய்க்கின்றன. பள்ளிக்குப் போகும் குழந்தைகளுக்கென்று 2 செந்தேசிமிக்குச் சிறு துண்டுகளும் உண்டு. இரவில் தகரக் கவிப்புக்குள் துண்டுகளை வைத்துத் தலையில் சுமந்து, தனக்கே உரிய கூவலோடு சந்துகளில் திரியும் பையன்களும் உண்டு. மாவைப் பற்றிய செராவோவின் குறிப்பு இங்கே தனித்து நிறுத்திக் காட்டத்தக்கது: அது அடர்ந்த மாவு, கருகுகிறதேயன்றி வேகுவதில்லை என்னும் பொருள்பட அவர் எழுதுகிறார். இன்றைய வாடிக்கையாளரின் குறையும் 1884இன் குறையும் ஒன்றுதான். வேறுபாடு, செராவோ அதனைச் சுவையின் குறையாகக் கூறவில்லை. ஒரு நகரம் தன் மக்களுக்கு இட்ட உணவின் தரமாகக் கூறினார்.

அதே நூலில் அவர் சொல்லும் சிறு நிகழ்ச்சி ஒன்று உணவக வரலாற்றில் தனியிடம் பெறவேண்டியது. நேப்பிள்ஸைச் சேர்ந்த தொழில்முனைவோர் ஒருவர், தலைநகரில் தம் ஊரார் பலர் வாழ்வதை எண்ணி ரோமில் ஒரு பீட்சாக் கடை திறந்தார். பளபளக்கும் செம்புப் பாத்திரங்களும் எரியும் அடுப்புமாகக் கடை தொடக்கத்தில் களைகட்டியது. கூட்டம் திரண்டது, பிறகு கரைந்தது, கடை மூடப்பட்டது. தன் சூழலிலிருந்து பிடுங்கப்பட்ட பீட்சா ரோமில் அயல் செடியாக வாடியது என்பது செராவோவின் விளக்கம். விறகடுப்புப் பீட்சாவை நேப்பிள்ஸுக்கு வெளியே விற்ற முயற்சிகளில் விரிவாகப் பதிவான முதற்சில கதைகளுள் ஒன்று இப்படித் தோல்வியில் முடிகிறது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1905இல், நியூயார்க்கில் லொம்பார்தியின் கடை நிலைபெற்றபோது அதனைத் தாங்கியவர்கள் தென்னித்தாலியிலிருந்து குடிபெயர்ந்த கூலித் தொழிலாளர்கள். அடுப்போடு உண்பவரும் சேர்ந்து பெயர்ந்தால்தான் அந்நாளில் பீட்சா வேரூன்றியது.

இனி அரசியின் கதை. 1889 ஜூன் மாதத்தில் உம்பெர்த்தோ அரசரும் மார்கெரீத்தா அரசியும் நேப்பிள்ஸில் இருந்தபோது, ரஃபாயேலே எஸ்போசித்தோ என்னும் பீட்சாக்காரர் மூவகைப் பீட்சாக்களைச் செய்தளித்தார் என்றும், தக்காளியும் மொட்சரெல்லாவும் துளசியினக் கீரையும் இட்டதை அரசி விரும்பியதால் அதற்கு அவர் பெயர் வந்தது என்றும் உலகம் அறியும். கொடியின் மூவண்ணமும் சேர்ந்து கதைக்கு நிறம் ஊட்டின. சான்று, 1889 ஜூன் 11 நாளிட்டு, அரண்மனை உணவுப் பணிகளின் தலைவர் கமில்லோ கல்லி கையெழுத்திட்ட ஒரு கடிதம். மூவகையும் மிகச் சிறப்பாக இருந்தன என்பதே அதன் செய்தி. மார்கெரீத்தா என்று எந்தப் பீட்சாவுக்கும் அதில் பெயரிடப்படவில்லை. வரலாற்றாய்வாளர் சாக்கரி நோவாக் 2014இல் வெளியிட்ட கட்டுரையில், கடிதத்தின் முத்திரையும் கையெழுத்தும் அக்காலத்து அரண்மனை ஆவணங்களோடு பொருந்தவில்லை என்று காட்டி, அது பிற்காலத்துப் போலியாக இருக்கக்கூடும் என்று வாதிட்டார். மொட்சரெல்லாத் துண்டுகளும் அக்கீரையும் இட்ட பீட்சாவை எமானுவேலே ரோக்கோ என்பவர் இதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே வருணித்திருக்கிறார் என்பதும், தக்காளி இடுவதும் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதும் உடன் நினைக்கத்தக்கவை. (எஸ்போசித்தோ என்பது நேப்பிள்ஸில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இட்டு வழங்கிய குடும்பப் பெயர். அரசியின் கதை இப்பெயருடைய ஒருவர் மேல் வந்து நிற்பது தற்செயலே என்றாலும், கண்ணில் படாமல் போவதில்லை.)

கடிதம் உண்மையோ போலியோ, கதை நிலைத்ததற்குக் காரணம் தெளிவு. பெயரற்ற ஆயிரம் பேரின் பசியைவிடப் பெயருள்ள ஒருவரின் பாராட்டு ஓர் உணவுக்கு எளிதாகக் குலம் தேடித் தருகிறது. பூர்பொன் அரசர்கள் மாறுவேடத்தில் வந்து பீட்சா உண்டார்கள் என்னும் பழங்கதைகளும் இதே வேலையைத்தான் செய்தன.

எட்டு நாள் தவணை எழுத்திலிருந்து நழுவினாலும் திரையில் பிழைத்துக்கொண்டது. ஜுசெப்பே மரோத்தாவின் 1947ஆம் ஆண்டுக் கதைநூலைத் தழுவி வித்தோரியோ தெ சிகா 1954இல் எடுத்த 'நேப்பிள்ஸின் பொன்' படத்தில் 'கடனுக்குப் பீட்சா' என்றே ஒரு பகுதி இருக்கிறது. சோபியா லோரன் நடித்த பெண் கணவனோடு சேர்ந்து தெருவோரத்தில் எண்ணெயில் பொரித்த பீட்சா விற்கிறாள். இன்று உண்டு எட்டு நாளில் கொடுக்கலாம் என்பது விளம்பரம். அவளது மரகத மோதிரம் காணாமற்போகிறது. மாவில் விழுந்திருக்கும் என்று நம்பும் கணவன், அன்று காலை வாங்கியவர்களை ஒவ்வொருவராகத் தேடி அவளையும் இழுத்துக்கொண்டு புறப்படுகிறான். அவர்களுள் ஒருவர் அன்றுதான் மனைவியை இழந்து கதறிக்கொண்டிருப்பவர். மோதிரம் உண்மையில் எங்கே இருந்தது என்பது வேறு கதை. ஒரு பீட்சாக் கடையின் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஒரு துயரமும் உண்டென்று காட்ட ஒரு நகைச்சுவைப் படம் தேவைப்பட்டிருக்கிறது. கடைக்காரருக்கு அவர்களது வீடு தெரிந்திருப்பதைப் படம் விளக்க முற்படுவதில்லை. பற்று கொடுத்தவருக்குத் தெரியாமல் எப்படி?

போருக்குப் பின் பீட்சா இத்தாலி முழுதும் பரவி, உலகெங்கும் பல வடிவங்களில் விற்பனையானபோது, நேப்பிள்ஸ் தன் வடிவத்துக்கு வேலி கட்டத் தொடங்கியது. 1984இல் மெய்யான நேப்பிள்ஸ் பீட்சாவுக்கான சங்கம் அமைந்தது. 2010இல் மேற்கண்ட ஐரோப்பிய ஒழுங்குமுறை வந்தது. 2017இல் யுனெஸ்கோ நேப்பிள்ஸ் பீட்சா செய்வோரின் கலையை மானுடத்தின் கட்புலனாகாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் இடம்பெற்றது செய்பவரின் கலை. உண்டவரின் பங்கு ஒழுங்குமுறையின் 'மடிக்கத்தக்கது' என்னும் ஒரு சொல்லில் எஞ்சியிருக்கிறது. அதே ஒழுங்குமுறை, பீட்சாவை அடுப்பிலிருந்து எடுத்தவுடன், சுட்ட இடத்திலேயே உண்பது சிறந்தது என்றும், அதனை உறையவைக்கலாகாது என்றும் கூறுகிறது. இரவில் சுட்டுப் பகல் முழுதும் தெருமுனையில் கிடந்து, பள்ளிக் குழந்தைக்கு 2 செந்தேசிமிக்கு வெட்டித் தரப்பட்ட துண்டு இந்த இலக்கணத்தில் தேறாது. கடையிலேயே சூடாக வாங்கி, எட்டு நாளில் கடன் அடைத்தவரின் பீட்சா தேறும். தூமாவின் 'எட்டை' எந்தப் பக்கம் திருப்பிப் படிக்கிறோம் என்பது இங்கேயும் குறுக்கிடுகிறது.

நேப்பிள்ஸின் பழைய நகரில் திரிபுனாலித் தெருவை ஒட்டிய கடைகள் சிலவற்றில் இரண்டு வரிசைகளைக் காணலாம். ஒன்று உள்ளே மேசைக்காகக் காத்திருப்போரின் வரிசை. அதில் பெரும்பாலோர் வெளியூரார். மற்றொன்று வாசலிலுள்ள கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நிற்பது. அங்கே சிறிய பீட்சாவை நான்காக மடித்துத் தாளில் சுற்றிக் கொடுக்கிறார்கள். 'பணப்பை மடிப்பு' என்று அதற்குப் பெயர். வாங்கியவர் எண்ணெய் சட்டையில் சொட்டாதிருக்க உடலைச் சற்று முன்னே வளைத்து, நடந்துகொண்டே உண்கிறார்.